பெரியவர் பாடிய பாட்டு யாருடையது?

நீலகிரி மாவட்டம் கோத்தகிரி வட்டாரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கும் வாசகி ஒருவர் ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பள்ளியும் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

சமவெளி மாவட்டத்திலிருந்து மாறுதலாகி வந்தவர். மலைக்கு வந்து மூன்று ஆண்டு ஆகிறது. ஏழாம் வகுப்பில் 34 பிள்ளைகள்: 11 பேர் இருளர், 4 பேர் ஆலு குறும்பர், மற்றவர்கள் படுகர் வீட்டுப் பிள்ளைகளும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும். பாடப் புத்தகத்தில் தன் மாணவர்களின் வரலாறு இல்லையே என்ற ஆதங்கத்தில் ‘பழங்குடி மரபு நாள்’ ஒன்றை நடத்தினார். சில பிள்ளைகளுக்கு இலை தழைகளைக் கட்டிவிட்டார்கள். பக்கத்துப் பதியைச் (இருளர் குடியிருப்பு) சேர்ந்த இருளர் பெரியவர் ஒருவரை மேடையேற்றி, மைக்கைக் கொடுத்து, “ஏதாவது ஒரு பாட்டுப் பாடுங்க தாத்தா” என்று வற்புறுத்தினார்கள். அவர் தயங்கித் தயங்கி ஒன்றைப் பாடினார். அது கைப்பேசியில் பதிவாகி, அன்றிரவே பள்ளியின் யூடியூப் பக்கத்தில் ஏறியது. சாவு வீட்டில் மட்டும் பாடும் பாட்டு அது என்று பிறகுதான் தெரிந்தது. அதே நாளில் பழைய புத்தகம் ஒன்றிலிருந்து குறும்பர் மாந்திரீகம் பற்றிய கதையையும் ஆசிரியை வாசித்துக்காட்டினார். அதன் பிறகு வகுப்பிலிருந்த குறும்பர் பையன் ஒருவனை மற்றவர்கள் ‘சூனியக்காரன்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மறுவாரம் முழுக்கப் பதியிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள், அந்தப் பையன் இன்னும் வரவில்லை.

“ஊரிலே கையெழுத்து வாங்கிப் ‘புகார் இல்லை’ன்னு எழுதி வெச்சுக்கோங்க. இனிமே புத்தகத்தோட நில்லுங்க” என்கிறார் தலைமை ஆசிரியர். ஆசிரியை கேட்பவை: என் மேல் வழக்கு வருமா? யார் இயற்றியது என்றே தெரியாத பாட்டைப் பதிவு செய்தது எப்படித் தவறாகும்? எழுதி வைக்காவிட்டால் அழிந்துபோகாதா? வாய்மொழிக் கதைகளை வரலாறு என்று எப்படிச் சொல்வது, மதிப்பெண் எப்படிப் போடுவது? எல்லாவற்றையும் விட்டுவிடவா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, “என் வகுப்பில் 15 பிள்ளைகளுக்குத் தங்கள் பாட்டனைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்கக் கிடைக்கவில்லை” என்பது. அந்த வருத்தம் நியாயமானது. தவறு நடந்தது நோக்கத்தில் அல்ல, வரிசையில். பதிக்குப் போய்க் கேட்டு, அவர்கள் சொன்ன பிறகு செய்ய வேண்டியதை, பள்ளியில் முடிவு செய்துவிட்டு அவர்களைக் கூப்பிட்டீர்கள். ஒரு கதையைக் கேட்க அனுமதி கிடைப்பது ஒன்று, அதைத் திரும்பச் சொல்ல அனுமதி கிடைப்பது வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதால் வந்த வினைதான் எல்லாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

முதலில் அந்தப் பையன். பாட்டு விவகாரத்தைவிட இது அவசரம். அவன் வீட்டுக்கு நீங்களே போங்கள். வேறு பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பாதீர்கள். “நான் வாசித்த கதையால் உங்கள் பிள்ளைக்கு இப்படி ஆனது” என்று பெற்றோரிடம் நேராகச் சொல்லுங்கள். வகுப்பில் அவனை எழுப்பி நிறுத்தி, மற்றவர்களை ‘சாரி’ சொல்ல வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது அவனை இன்னொரு முறை காட்சிப்பொருள் ஆக்கும். அவன் வருவதற்கு முன்பே மற்ற பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். நீங்கள் வாசித்த கதையைக் குறும்பர்கள் சொல்லவில்லை, அவர்களைப் பார்த்துப் பயந்தவர்கள் சொன்னார்கள் என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளால் புரிந்துகொள்ள முடியும். அந்தப் பயத்தின் பேரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே மலையில் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றை என்றாவது ஒருநாள் சொல்ல வேண்டும்தான். அந்தப் பையன் புண்பட்டிருக்கும் இந்த நேரத்தில் வேண்டாம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு சேர்த்து மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 29-ஆம் பிரிவு, பயமும் பதற்றமும் இல்லாத கல்வியைக் கேட்கிறது. ஒரு பிள்ளை சாதிப் பழியால் பள்ளிக்கு வராமல் நிற்கிறான் என்றால், பொறுப்பு பள்ளியுடையது. கிண்டல் செய்த பிள்ளைகளோடு அது முடிந்துவிடாது.

அடுத்து அந்தக் காணொளி. யூடியூபில் ‘தனிப்பட்டது’ என்று மாற்றுவது போதாது, நீக்குங்கள். பிறகு மறந்துபோகும் இடங்கள்: பதிவு செய்த கைப்பேசியின் கேலரி, கூகுள் போட்டோஸ் காப்பு, அதன் குப்பைத்தொட்டி, ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு, பெற்றோர் குழு, வட்டார அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையோடு இணைத்த பிரதி. ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு அழித்துவிட்டு, எங்கெல்லாம் போனது, எங்கே அழிக்க முடியவில்லை என்பதைப் பதியில் உள்ளபடியே சொல்லுங்கள். இலை கட்டிய பிள்ளைகளின் படங்களையும் இதோடு நீக்குங்கள்.

மூன்றாவது, பதிக்குப் போவது. அவர்களைப் பள்ளிக்கு வரச் சொல்லாதீர்கள். தேயிலை பறிக்கும் நாளில் பகலில் போனால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். என்றைக்கு வரலாம் என்று முன்னதாகக் கேட்டுவிட்டு, வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் போங்கள். தலைமை ஆசிரியரும் உடன் வந்தால் நல்லது. பாடிய பெரியவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி வேலைதான் முடியும். வெளியாட்கள் முன் அந்தப் பாட்டைப் பாடியதற்காக அவர் தன் ஊராரிடமே பேச்சு வாங்கியிருக்கக்கூடும். ஊர்த் தலைவரான மூப்பனையும், சடங்குகளுக்குப் பொறுப்பான மண்ணுக்காரனையும் பார்த்து, “அவர் மேல் தப்பில்லை, நாங்கள்தான் வற்புறுத்தினோம்” என்று ஊரறியச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவருக்குப் பெரிய பாரத்தை இறக்கும். பரிகாரமாகச் சடங்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால், அதற்கான செலவை ஏற்க முன்வாருங்கள். சடங்கில் உட்காரவோ பார்க்கவோ கேட்காதீர்கள்.

‘புகார் இல்லை’ என்ற கையெழுத்தை வாங்கவே வாங்காதீர்கள். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் காகிதத்தை நீட்டினால், வந்தது உங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று ஆகிவிடும். சட்டப்படியும் அதற்கு மதிப்புக் குறைவு. கைநாட்டு வைப்பவரிடம் அரசு ஊழியர் வாங்கும் எழுத்தை எந்த விசாரணையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

வழக்கு வருமா என்று கேட்டீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இன் 3(1)(ஆர்) பிரிவு, பட்டியல் இனத்தவரையோ பழங்குடியினரையோ பொதுப்பார்வையில் வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. ‘வேண்டுமென்றே’ என்பது அங்கே முக்கியமான சொல். அறியாமல் செய்து, அறிந்ததும் திருத்தியது அதற்குள் வருவது கடினம். தெரிந்த பிறகும் காணொளியை விட்டு வைத்திருந்தால் நிலைமை மாறும். சூனியக்காரன் என்ற பழிப்பு நடப்பது தெரிந்தும் பேசாமல் இருந்தாலும் அப்படித்தான். ஆகவே உங்களுக்குப் பாதுகாப்பு, தேதி போட்டு நீங்கள் எழுதி வைக்கும் குறிப்பில் இருக்கிறது: எப்போது தெரிந்தது, எப்போது நீக்கினீர்கள், எப்போது யாரைப் போய்ப் பார்த்தீர்கள்.

பாட்டு யாருடையது?

இயற்றியவர் பெயர் தெரியாத பழைய பாட்டுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று நீங்கள் எழுதியது ஓரளவு சரி. ஆனால் பாடியவருக்கென்று தனி உரிமை இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957, ‘நிகழ்த்துநர்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் பாடகர், இசைக்கலைஞர் தொடங்கிப் பாம்பாட்டி வரை இருக்கிறார்கள், சொற்பொழிவாற்றுபவரும் இருக்கிறார். மேடையில் பாடிய உங்கள் பெரியவர் சந்தேகமில்லாமல் ஒரு நிகழ்த்துநர். 38-ஆம் பிரிவுப்படி அவருடைய உரிமை 50 ஆண்டுகளுக்கு நிற்கும். பதிவு செய்வதும் பொதுமக்களுக்குக் கொண்டுபோவதும் 38-ஏ பிரிவின்படி அவருடைய உரிமைகள். தன் பெயர் சொல்லப்படுவதும், தன் நிகழ்த்துதல் சிதைக்கப்படாமல் இருப்பதும் 38-பி பிரிவின்படி.

39-ஆம் பிரிவு ஆசிரியர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: உண்மையான கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ மட்டும் என்று செய்யும் பதிவு, உரிமை மீறல் ஆகாது. ‘மட்டும்’ என்ற சொல்லைத் தாண்டியது நீங்கள் யூடியூபில் ஏற்றியபோது. வகுப்பறைக்கு வெளியே போன நொடியில் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது.

இது தனிமனிதர் உரிமை. ஊருக்கும் ஓர் உரிமை உண்டு. வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(1)(கே), பல்லுயிர் வளம், பண்பாட்டுப் பன்மை ஆகியவை சார்ந்த மரபறிவின் மீது வனத்தில் வாழும் சமூகங்களுக்கு இருக்கும் கூட்டு உரிமையை அங்கீகரிக்கிறது. பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்த ஐ.நா. பிரகடனம் 2007, தங்கள் வரலாற்றையும் மொழியையும் வாய்மொழி மரபையும் அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் உரிமை அந்த மக்களுடையது என்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. நீதிமன்றத்தில் நேரடியாகச் செல்லுபடியாகும் சட்டம் அல்ல அது. ஆனாலும் பள்ளி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை அது தெளிவாகச் சொல்கிறது.

“எழுதி வைக்காவிட்டால் அழிந்துபோகும்” என்ற கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பாட்டு அழிவது பதிவு இல்லாததால் அல்ல. பாட வேண்டிய இடமும் வேளையும், கேட்க வேண்டிய பிள்ளையும் இல்லாமல் போவதால். பகல் முழுக்கப் பள்ளியிலும், பல பிள்ளைகள் இரவிலும் உண்டு உறைவிடப் பள்ளியிலும் இருக்கும்போது பாட்டி யாரிடம் சொல்வாள்? பதிவுக் கருவியைவிட, மாதத்தில் ஒரு பிற்பகலைப் பதிக்குத் திருப்பிக் கொடுப்பது அதிகம் காப்பாற்றும். பதிவு வேண்டும் என்று ஊரே கேட்டால் செய்யுங்கள், பிரதியை முதலில் அவர்களிடம் கொடுங்கள்.

அனுமதி கேட்கும்போது ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். “பள்ளிக்கு வந்து கதை சொல்வீங்களா?” என்றால் மரியாதைக்காக ‘சரி’ என்றுதான் பதில் வரும். ஐந்தாகப் பிரியுங்கள்: இதைப் பிள்ளைகள் கேட்கலாமா? எல்லாச் சமூகப் பிள்ளைகளும் கேட்கலாமா? கேட்ட பிள்ளை வேறிடத்தில் சொல்லலாமா? பதிவு செய்யலாமா? வெளியார் பார்க்கலாமா? கூடவே, எந்த மாதத்தில், எந்த வேளையில் சொல்லக்கூடாது, யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதிலை எழுதி, அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்டி, ஒரு பிரதியைப் பதியில் கொடுங்கள். பின்னால் மனம் மாறினால் திரும்பப் பெறலாம் என்ற வரியும் அதில் இருக்கட்டும். முதல் சந்திப்பிலேயே பதில் எதிர்பார்க்க வேண்டாம். ஊர் கூடிப் பேச ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அந்தத் தாமதம்தான் உண்மையான சம்மதத்தின் அடையாளம்.

‘வேண்டாம்’ என்று வந்தால்? அப்போதும் பாடம் இருக்கிறது. சிறுபிள்ளைகளுக்குச் சொல்லும் விலங்குக் கதைகள், விடுகதைகள், இடப்பெயர்கள், வேலைக் கருவிகள் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் தடை இருக்காது. மருந்துச் செடிகளை மட்டும் தொடாதீர்கள். எந்த இலை எந்த நோய்க்கு என்று பிள்ளைகளை வைத்துப் பட்டியல் தயாரித்து மாட்டுவது பல பள்ளிகளில் விருப்பமான ‘புராஜெக்ட்’. அதைப் படம் பிடித்து எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இவை வெறும் கதைகளா?

உங்கள் கடிதத்தில் மூன்று எண்ணங்களை நான் மாற்ற விரும்புகிறேன்.

ஒன்று, பிள்ளைகள் பேசுவது ‘கொச்சைத் தமிழ்’ என்பது. இருள மொழி தமிழுக்கு நெருக்கமான தனித் திராவிட மொழி. தோடாவும் கோத்தாவும் அப்படித்தான் தனித்தனி மொழிகள். கூடலூர்ப் பக்கத்துப் பணியர் மொழி மலையாளத்துக்கு நெருக்கமானது. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 29(2)(எஃப்). தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது அரசியலமைப்பின் 350-ஏ. நீங்கள் இருள மொழியில் பாடம் நடத்த முடியாது, புரிகிறது. ஒரு சொல்லைத் திருத்தாமல் இருக்க முடியும்.

இரண்டு, ‘உலகத்தோடு தொடர்பில்லாமல் காட்டுக்குள் வாழ்ந்தவர்கள்’ என்பது. தோடரின் நெய்யும் கோத்தரின் இரும்பும் மண்பாண்டமும் இசையும், குறும்பர் கொண்டுவரும் காட்டுப் பொருளும், படுகரின் தானியமும் இந்த மலையில் நெடுங்காலம் கைமாறிக்கொண்டிருந்தன. ஏற்றத்தாழ்வும் அதில் இருந்தது, பொற்காலமாக ஆக்கிவிடாதீர்கள். கோத்தகிரி என்ற பெயரே கோத்தர்களுடையது. உதகமண்டலம் என்று எழுதப்படுவது ஒத்தக்கல் மந்து. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. கோத்தர் ஊருக்குக் கோக்கால், இருளருக்குப் பதி, படுகருக்கு ஹட்டி. வரைபடத்தை விரித்து இந்த ஈறுகளைத் தேடச் சொன்னாலே ஒரு வகுப்பு ஓடிவிடும். 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியை ‘கண்டுபிடித்தார்’ என்று இன்றும் பேச்சுப் போட்டிகளில் சொல்கிறார்கள். ‘வந்தார்’ என்று திருத்துங்கள். வழிகாட்டியவர்கள் யார் என்று கேளுங்கள்.

மூன்று, கதை என்றால் வரலாறு இல்லை என்பது. பெரியவரிடம் “எத்தனை வருஷத்துக்கு முன்னாடி?” என்று கேட்டால் வரும் எண் உங்களுக்கு உதவாது. “உங்க தாத்தா கல்யாணத்தப்போ இந்தத் தேயிலைத் தோட்டம் இருந்துச்சா? அப்போ இந்தச் சோலைக்குள்ள எந்த வழியாப் போனாங்க?” என்று கேளுங்கள். தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் நான்கு தலைமுறைக்கு 100 ஆண்டு, பத்துப் பதினைந்து முன்பின். அதைத் தேதி தெரிந்த நிகழ்ச்சிகளோடு பொருத்துங்கள்: காடுகளை அரசுக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த 1882 சென்னை வனச் சட்டம், இலங்கைத் தோட்டத் தமிழர் தாயகம் திரும்ப வழிசெய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், 2006 வன உரிமைச் சட்டம். “காட்டுக்குள்ளே போகிற வழியை அடைச்சாங்க” என்ற பெரியவரின் பேச்சு 1882-க்குப் பக்கத்தில் வந்து உட்காரும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

கரும்பலகையில் மூன்று பத்தி வரையுங்கள்: பெரியவர் சொன்னது, காகிதம் சொல்வது, இரண்டும் ஒத்துப்போகாத இடம். மூன்றாவது பத்திதான் வரலாற்றுப் பாடம். காகிதத்தை எழுதியவரும் ஓர் ஆள்தான். பெரும்பாலும் அந்த மொழி தெரியாமல், மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டு எழுதிய அதிகாரி. அவருக்கும் ஒரு தேவை இருந்தது.

கொடுமைகளைச் சொல்லலாமா என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். ஆறு, ஏழில் வேண்டாம், எட்டில் சொல்லலாம். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் வன, காவல், வருவாய்த் துறையினர் மலையாளிப் பழங்குடி மக்கள் மீது நடத்திய வன்முறையில் 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 54 பேர் இடையிலேயே இறந்துபோக, மீதி எல்லோரையும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாலியல் வன்முறை நடந்தது என்ற உண்மையை மறைக்காமல், விவரிக்காமல், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அந்த ஊர்ப் பெண்கள் 19 ஆண்டு விடாமல் நின்று சாட்சி சொன்னதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

ஒரு கதைக்கு ஆறு பீரியட்

இலக்கு சிறிதாக இருக்கட்டும். ஒரு பருவத்துக்கு ஒரே கதை.

முதல் பீரியட் கேட்பதற்கு மட்டும். மேடை, மைக், மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். மேடைதான் பெரியவரைக் கலைநிகழ்ச்சி ஆளாக மாற்றியது. பெஞ்சுகளை ஓரம் தள்ளி வட்டமாகத் தரையில் உட்காருங்கள். வெயில் இருந்தால் மரத்தடி. 34 பேரும் ஒரே வட்டத்தில் இருந்தால் பின்னால் இருப்பவருக்குக் கேட்காது, இரண்டு வரிசை வட்டம் போதும். நோட்டு, பேனா மூடியிருக்கட்டும். எழுதுகிற பிள்ளை கேட்காது. கதை 15 நிமிடத்தில் முடியலாம், 35 நிமிடமும் போகலாம். கடைசி பீரியடில் வைத்தால் மணியடித்து யாரும் அவரை நிறுத்த மாட்டார்கள். அவர் தன் மொழியில் சொல்லட்டும், தெரிந்த பிள்ளைகள் பிறகு மற்றவருக்குச் சொல்வார்கள். அந்த வகுப்பில் முதல் முறையாக இருளப் பிள்ளைகள் உதவுகிற இடத்திலும், மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்கிற இடத்திலும் இருப்பார்கள்.

இரண்டாவது பீரியடை அன்றே வைக்காமல், இரண்டு மூன்று நாள் கழித்து வையுங்கள். அதற்குள் மறந்தது போக மிஞ்சியதுதான் வேலைக்கான பொருள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லட்டும். ஒருவர் சொன்னதில் இருப்பது இன்னொருவர் சொன்னதில் இருக்காது. எது சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், எல்லோர் கதையிலும் தங்கிய பகுதி எது என்று கேளுங்கள். வாய்மொழி எப்படி நினைவில் நிற்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்: திரும்பத் திரும்ப வரும் வரி, மூன்று முறை நடக்கும் செயல், இடப்பெயர். தோடர் பாட்டுகளில் ஒவ்வொரு சொற்றொடரும் தன் இணையோடு ஜோடியாகவே வரும் என்பதை இந்த இடத்தில் சொல்லலாம்.

மூன்றாவது, நான்காவது பீரியடுகள் இடப்பெயர் வரைபடத்துக்கும் மேலே சொன்ன மூன்று பத்திக்கும். ஐந்தாவது, கேள்விகள் தயாரிக்க. ஆறாவது பீரியடைத்தான் எல்லாப் பள்ளிகளும் விட்டுவிடுகின்றன: பதிக்குத் திரும்பிப் போய், பிள்ளைகள் அந்தக் கதையைப் பெரியவர் முன் சொல்ல வேண்டும். அவர் திருத்துவார், சில வேளை சிரிப்பார். அவர் ‘சரி’ என்ற பிறகே சுவரில் மாட்டுவது, ஆண்டு மலரில் போடுவது எல்லாம்.

சறுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். “இந்தக் கதையின் நீதி என்ன?” என்று கேட்டதும் கதை செத்துவிடும். பல கதைகளில் நீதி இல்லை, வழி இருக்கிறது: எந்தப் பாறை வழுக்கும், எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும். மலைத்தேன் எடுக்கப் பாறையில் இறங்குபவனின் கயிற்றைப் பெரும்பாலும் மைத்துனன்தான் பிடிப்பான் என்பதில் உறவுமுறை, நம்பிக்கை, பிழைப்பு மூன்றும் சேர்ந்திருக்கிறது. அதை ‘ஒற்றுமையே பலம்’ என்று சுருக்கிவிடக்கூடாது. “உங்க வீட்ல இப்படித்தானா?” என்று ஒரு பிள்ளையைப் பார்த்துக் கேட்பதும் வேண்டாம், விரும்பினால் அவனே சொல்வான். ஆலு, பெட்ட, தேன், முள்ளு, ஊராளி என்று குறும்பர்கள் வேறு வேறு மக்கள். இணையத்தில் கிடைத்த படத்தைப் பொதுவாகப் போடாதீர்கள். கரிக்கியூர், வெள்ளரிக்கொம்பைப் பாறை ஓவியங்களைப் பார்க்க அழைத்துப்போவதானால் வனத்துறை அனுமதியும் அந்த ஊர்க்காரர் ஒருவரும் வேண்டும். படம் தெளிவாகத் தெரிவதற்காகப் பாறையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அதனாலும் ஓவியம் உரிந்துபோகிறது.

தலைமை ஆசிரியரும் மதிப்பெண்ணும்

புத்தகத்துக்கு வெளியே போகக்கூடாது என்று சட்டம் இல்லை. வளரறி மதிப்பீடு (அ)-வில் செயல்பாடுகளுக்கான 20 மதிப்பெண்ணுக்குள் இதைக் கொண்டுவாருங்கள். கதைக்கு மதிப்பெண் போடாதீர்கள். கேட்டதற்கு, திருப்பிச் சொன்னதற்கு, தயாரித்த கேள்விக்கு, வரைபடத்துக்குப் போடுங்கள். கதை தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குத் தனிச் சலுகையும் வேண்டாம், கூடுதல் சுமையும் வேண்டாம்.

தலைமை ஆசிரியரின் பயம் தனியாக மாட்டிக்கொள்வோமோ என்பதுதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. உங்கள் குழுவில் இருளர், குறும்பர் பெற்றோர் பெயருக்கு இருக்கிறார்களா, கூட்டத்துக்கு வருகிறார்களா என்று பாருங்கள். அவர்கள் வர முடிகிற நேரத்தில் கூட்டம் வைத்து, தீர்மானமாக எழுதுங்கள்: எந்தக் கதை, யார் சொல்வார், என்ன நிபந்தனை, என்ன மதிப்பூதியம். வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. அந்தக் கூலியும் வண்டிச் செலவுமாவது கையில் கொடுக்க வேண்டும். பொன்னாடைக்கு ஆகும் பணத்தை இதில் சேர்க்கலாம். உதகை முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையத்திலும் கேளுங்கள், அருங்காட்சியகமும் அங்கே உண்டு.

மற்ற 19 பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். படுகர் பிள்ளைகளுக்கு இந்த மலை பற்றிச் சொந்தக் கதைகள் உண்டு. தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளைகளுக்குக் கப்பலேறி வந்த பாட்டியின் கதை இருக்கும். அவர்களுக்காக நட்ட தேயிலை யாருடைய காட்டில் நின்றது என்ற கேள்வி வந்தே தீரும். வந்தால் மூடாதீர்கள், யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு பாட்டிகளும் இழந்ததைத்தான் சொல்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கேட்கட்டும்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள்: அந்தப் பெரியவர் இனிப் பள்ளிக்கு வருவாரா? அதை முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் பேசினால் கேட்டுவிட்டு, திரும்பி வந்துவிடுங்கள். இரண்டாவது முறை போகும்போது என்ன பேசுவது என்பதை அவர் சொல்வார். இரண்டு முறையும் கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும்.